மெஷினுக்கு முன்னால் ஒரு மேஜை: பெரிய தபால்களைப் பிரிப்பதில் சிக்கல் எங்கே?

இரண்டு வருடம் முன்பு, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரின் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அமெரிக்கத் தபால் துறையில் லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு ஒரு சலுகைக் கட்டணம் உண்டு. முதலில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஒரே தடவையில் குறைந்தது 200 பிரதியாவது 50 பவுண்டு எடையாவது கொடுக்க வேண்டும். ஜிப் கோடு வாரியாக நாமே பிரித்துக் கட்டியும் தர வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆறு பேர் உட்கார்ந்து, மலர்களைப் பிரித்து அடுக்கி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு முடித்தோம்.

திங்கட்கிழமை கவுண்டரில் இருந்தவர் ஒரு கட்டை எடுத்துச் சாய்த்துப் பிடித்து லேசாக உலுக்கினார். வழவழப்பான அட்டை. நடுவிலிருந்து ஐந்தாறு மலர் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. "இது பெல்ட்டில் விழும்போது மொத்தமும் பிரிந்துவிடும்" என்றார். "அதற்குத்தானே மெஷின் இருக்கிறது?" என்று கேட்டேன். "மெஷினுக்கு முன்னால் ஒரு மேஜை இருக்கிறது. அங்கே ஆள் நின்று இதையெல்லாம் பொறுக்க வேண்டும்" என்றார்.

தபால் தாமதம் பற்றி யார் பேசினாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்வார்கள்: புது மெஷின் வாங்கினால் சரியாகிவிடும், அல்லது ஆட்கள் வேலை செய்வதில்லை. பத்திரிகை, கேட்டலாக், பெரிய உறை போன்றவற்றின் விஷயத்தில் இரண்டுமே பெரும்பாலும் தவறு. தபால் மெஷினுக்குள் போவதற்கு முன்பே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணம் முழுக்க அமெரிக்கத் தபால் துறை. இதற்கான விதிகளை அவர்கள் அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் விளக்குவது சுலபம்.

ஃப்ளாட் என்றால் என்ன?

நம் ஊரில் ஃப்ளாட் என்றால் அடுக்குமாடி வீடு. தபால்காரர்களுக்கு அது ஒரு வகைத் தபால். சாதாரணக் கடிதத்தைவிடப் பெரியது, பார்சலைவிடத் தட்டையானது. பத்திரிகை, கேட்டலாக், ஏ4 தாளை மடிக்காமல் போடும் பழுப்பு உறை எல்லாம் இந்த வகை.

அளவுதான் இங்கே எல்லை. அமெரிக்காவில் ஒரு கடிதம் அதிகபட்சம் 11½ அங்குல நீளம், 6⅛ அங்குல உயரம், ¼ அங்குலத் தடிமன் இருக்கலாம். இதில் ஏதாவது ஒன்று கூடினாலும் அது ஃப்ளாட் ஆகிவிடும். ஃப்ளாட்டுக்கும் உச்சவரம்பு உண்டு: 15 அங்குல நீளம், 12 அங்குல உயரம், ¾ அங்குலத் தடிமன். அதற்கு மேல் போனால் பார்சல்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த இடத்தில். அளவு சரியாக இருந்தாலே ஃப்ளாட் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வளையவும் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பட்டமளிப்புச் சான்றிதழ் கசங்கக் கூடாதே என்று இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துப் பெரிய உறையில் போட்டார். கவுண்டரில் பார்சல் கட்டணம் கேட்டார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையில் அங்கே நடந்தது ஒரு சின்னப் பரிசோதனைதான். 10 அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள உறை என்றால், பாதி மேஜையிலும் பாதி வெளியிலும் இருக்கும்படி வைத்து, வெளி ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி அழுத்திப் பார்ப்பார்கள். சேதமாகாமல் குறைந்தது ஒரு அங்குலமாவது கீழே வளைய வேண்டும். வளையாவிட்டால் அது ஃப்ளாட் இல்லை. மெஷினுக்குள் பெல்ட்டுகள் வளைவுகளில் திரும்புகின்றன. விறைப்பான அட்டை அந்த வளைவில் மாட்டிக்கொள்ளும்.

அதற்காகத் துணி மாதிரித் துவண்டாலும் ஆகாது. மேஜை விளிம்பிலிருந்து 5 அங்குலம் வெளியே நீட்டி வைத்து எவ்வளவு தொங்குகிறது என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. தடிமனும் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும், கால் அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. உறைக்குள் ஒரு சாவிக்கொத்தைப் போட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சுருக்கமாக, ஃப்ளாட்டுக்கு அளவு மட்டும் போதாது. வளைய வேண்டும், துவளக் கூடாது, மேடுபள்ளம் இருக்கக் கூடாது. கடிதம் இந்த மூன்றிலும் இயல்பாகவே தேறிவிடும். அதனால்தான் கடிதம் பிரிப்பது எளிது, ஃப்ளாட் பிரிப்பது பாடு.

ஜெராக்ஸ் கடையில் தொடங்குவோம்

ஜெராக்ஸ் கடைக்காரர் புதுத் தாள் கட்டைப் பிரித்ததும் அப்படியே மெஷினில் வைக்க மாட்டார். ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறுவார். மேஜையில் நாலு பக்கமும் தட்டுவார். அப்புறம்தான் ட்ரேயில் வைப்பார். விசிறினால் தாள்களுக்கு நடுவே காற்று போய் ஒட்டல் விடும், தட்டினால் ஓரங்கள் சமமாகும். இதைச் செய்யாமல் வைத்தால் மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும், அல்லது ஒரு தாளைக் கோணலாக இழுத்து மடக்கிக்கொண்டு நின்றுவிடும்.

தபால் பிரிக்கும் மெஷினின் வாயும் இப்படித்தான். அந்த வாய்க்கு ஃபீடர் என்று பெயர்: தபால் அடுக்கை முன்னால் தள்ளி, முன்னே நிற்பதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கும் பகுதி. ஜெராக்ஸில் தாள் படுத்திருக்கும், இங்கே தபால்கள் புத்தக அலமாரியில் இருப்பதுபோல் நிற்கும். முன்னால் இருக்கும் தபாலைக் காற்று உறிஞ்சிப் பிடித்து பெல்ட்டில் இழுத்துவிடும். இரண்டாவது தபால் கூடவே ஒட்டிக்கொண்டு போனால் அதை இரட்டை இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மறைந்து போனதன் முகவரியைக் கேமரா பார்க்காது. அது முன்னாலிருந்ததன் ஊருக்குப் பயணம் போய்விடும். உங்கள் பத்திரிகை ஒரு மாதம் வராமல் போய், மறுமாதம் வேறு ஊர் தபால் நிலைய முத்திரையோடு வந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜெராக்ஸ் தாளாவது ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஃப்ளாட் அடுக்கில் ஒன்று 8 பக்கத் துண்டறிக்கை, அடுத்தது 200 பக்க கேட்டலாக், அதற்கடுத்து பாலிதீன் உறையில் பத்திரிகை. பாலிதீன் ஒரு தனித் தலைவலி. மழைக்காலத்தில் வரும் நாளிதழின் பிளாஸ்டிக் உறையை உரிக்கும்போது அது கையிலேயே ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அந்த நிலைமின்சாரம் இங்கே அடுத்தடுத்த தபால்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். வழுக்கல் அதிகமானால் உறிஞ்சிப் பிடித்தது நழுவும். உறை தொளதொளவென்று நீண்டிருந்தால் அந்த வால் பெல்ட்டில் சிக்கும். அதனால் இந்த பாலிதீனுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன: எவ்வளவு வழுக்கலாம், எவ்வளவு மங்கலாக இருக்கலாம், எவ்வளவு மின்னேற்றம் சேரலாம், ஓரம் எவ்வளவு நீளலாம். கடையில் கிடைத்த பாலிதீனில் சுற்றி அனுப்பிவிட்டு மெஷினைத் திட்டுவது நியாயமில்லை.

இப்போது ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஃப்ளாட் பிரிப்பின் முதுகெலும்பாக இருப்பது ஏஎஃப்எஸ்எம் 100 என்ற மெஷின். அதற்கு மூன்று ஃபீடர், 120 வெளியேறும் தட்டு, மணிக்குச் சுமார் 17,000 தபால் வேகம். மூன்றால் வகுத்தால் ஒரு ஃபீடருக்கு மணிக்கு ஏறத்தாழ 5,670. ஒவ்வொரு தபாலும் கால் அங்குலத் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மணிக்குக் கிட்டத்தட்ட 118 அடி நீளத்துக்கு யாரோ ஒருவர் தபாலைத் தட்டிச் சமப்படுத்தி, ஒரே பக்கம் பார்க்க வைத்து அடுக்க வேண்டும். பத்து மாடிக் கட்டிடத்தின் உயரம் அது. அவர் அரை நிமிடம் ஒரு நாடாவை அறுத்துக்கொண்டு நின்றால், அந்த அரை நிமிடம் ஃபீடர் காலியாகச் சுற்றும்.

கேமரா எதைப் பார்க்கிறது?

இழுக்கப்பட்ட தபால் கேமராவைத் தாண்டிப் போகும். கேமரா முதலில் தேடுவது பார்கோடை. இப்போது அமெரிக்காவில் புழங்குவது இன்டெலிஜென்ட் மெயில் பார்கோடு. மளிகைச் சாமான் பார்கோடு மாதிரி தடித்தும் மெலிந்தும் இருக்காது. 65 சின்னக் கோடுகள், எல்லாம் ஒரே தடிமன். ஆனால் சில கோடு மேலே நீளும், சில கீழே நீளும், சில இரு பக்கமும் நீளும், சில எங்கும் நீளாது. இந்த நான்கு வடிவங்களை வைத்து 31 இலக்கங்கள் வரை அடக்கிவிடுகிறார்கள். அனுப்பியவர் யார், என்ன வகை, எந்தப் பிரதி, எந்த வாசலுக்கு என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். சிலர் பெயரும் அதில் இருப்பதாக நினைக்கிறார்கள். இல்லை, வீட்டு வாசல் வரைக்கும்தான். பழைய பார்கோடுக்குக் கொடுத்த கட்டணச் சலுகையை 2013 ஜனவரியில் நிறுத்திவிட்டதால் மொத்தமாக அனுப்புகிறவர்கள் எல்லோரும் இதற்கு மாறிவிட்டார்கள்.

பார்கோடு இல்லையென்றால் எழுத்தைப் படிக்கும் மென்பொருள் முகவரியைப் படிக்கப் பார்க்கும். அதுவும் முடியாவிட்டால் தபாலின் படம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில் இருப்பதுபோன்ற ஒரு மையத்துக்குப் போகும். அங்கே ஒருவர் திரையில் பார்த்து விலாசத்தைத் தட்டச்சு செய்வார். தானியங்கி என்று நாம் சொல்வதற்கு நடுவில் இப்படி ஒரு மனிதக் கண்ணும் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் முகவரி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான். கடிதத்தில் முகவரி நடுவில் இருக்கும், தேட வேண்டியதில்லை. பத்திரிகை அட்டையில் தலைப்பு, விலை, விளம்பர எண், போன் நம்பர் எல்லாம் சிதறிக் கிடக்கும். இதற்காக 2009 மார்ச்சில் ஒரு விதி வந்தது: மொத்தமாக அனுப்பும் ஃப்ளாட்டுகளில் முகவரி மேல் பாதியில் இருக்க வேண்டும். சரி, எது மேல்? உறை இல்லாத பத்திரிகை என்றால், தைத்த ஓரத்தை வலது பக்கமாக நிற்க வைத்துப் பிடியுங்கள். அப்போது மேலே வரும் விளிம்புதான் மேல். முகவரி நேராகவோ பக்கவாட்டிலோ இருக்கலாம், அந்த மேல் விளிம்பைப் பொறுத்துத் தலைகீழாக மட்டும் இருக்கக் கூடாது. பார்கோடு எந்த ஓரத்திலிருந்தும் ⅛ அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

கேட்டால் அற்பமாகத் தோன்றும். தைத்த ஓரம் கெட்டி, எதிர் ஓரம் பக்கங்கள் விரியக்கூடியது. எல்லாப் பத்திரிகையும் ஒரே திசையில் நின்றால்தான் விரியும் ஓரம் பெல்ட்டில் மாட்டாது. அதே நேரம் முகவரியும் கேமராவின் பார்வைக்குள் வர வேண்டும். இந்த இரண்டு தேவையும் ஒரே விதியில் முடிந்துவிட்டன. எனக்குப் பிடித்த விதி இது, சொந்தமாகத் திண்டாடியும் இருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது இரண்டு இடம். ஃபீடர் ஒவ்வொன்றாக இழுக்கிறது, கேமரா படிக்கிறது. இரண்டும் ஒழுங்காக நடக்க, தபால்கள் தட்டிச் சமமாகவும் ஒரே திசையிலும் வர வேண்டும். அவை வருவதோ கட்டாக.

கட்டின் கதை

தமிழ்நாட்டில் ரயில் தபால் அலுவலகத்தில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், தபால் பிரிக்கிறவர்கள் புறாக்கூடு மாதிரி அடுக்கின் முன்னால் நின்று ஊர்வாரியாகப் போடுவதைப் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் மொத்தமாக அனுப்புகிறவர்கள் அந்த வேலையின் ஒரு பகுதியைத் தாங்களே செய்து, அதற்குக் கட்டணக் குறைப்பு வாங்கிக்கொள்கிறார்கள். இதை முன்பிரிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே தபால்காரரின் பீட்டுக்கு, அதாவது அவர் தினமும் சுற்றும் பகுதிக்கு, போகும் பிரதிகளைத் தனிக் கட்டாகக் கட்டினால் அதிகக் குறைப்பு. ஒரே ஜிப் கோடு என்றால் கொஞ்சம் குறைவு. பெரிய வட்டாரம் என்றால் இன்னும் குறைவு.

காரணம் எளிது. ஒரு பீட்டுக்கான கட்டு அப்படியே முழுசாகத் தபால்காரர் கைக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் முப்பது பத்திரிகையையும் தனித்தனியாக மெஷினில் ஓட்டவே வேண்டாம். ஒரே பொருளாகக் கட்டை மட்டும் நகர்த்தினால் போதும்.

எல்லாம் கட்டு பிரியாமல் போனால்தான். மரப்பலகை மேல் அடுக்கியோ சாக்கில் போட்டோ கட்டுகள் வந்து சேரும். பலகையையே சாய்த்து பெல்ட்டில் கொட்டுவார்கள். கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், உருளும், சறுக்குப் பலகையில் இறங்கி முட்டும். சாக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம், பயணம் முழுக்க உள்ளே ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்திருக்கும். எங்கள் சங்க மலர் மாதிரி வழவழ அட்டையும் ஒற்றை ரப்பர் பேண்டுமாக வந்தால் முதல் விழுகையிலேயே கதை முடிந்தது. சிதறிய முப்பது பிரதியையும் ஒருவர் பொறுக்கி, மறுபடி அடுக்கி, ஒவ்வொன்றாக ஃபீடருக்கு அனுப்ப வேண்டும். முன்பிரிப்புக்குக் கொடுத்த குறைப்பு கொடுத்ததுதான், மிச்சப்பட வேண்டிய வேலை மட்டும் திரும்பி வந்துவிட்டது.

அமெரிக்காவின் தபால் ஒழுங்குமுறை ஆணையம் ஃப்ளாட்டுகளால் நஷ்டம் வருவது ஏன் என்று பல வருடமாகக் கேட்டுவருகிறது. செலவு கூடும் ஆறு இடங்களை அது அடையாளம் காட்டியது. கட்டுகளைக் கையாளுவது அதில் ஒன்று. மெஷின்களின் குறைந்த உற்பத்தியும் கையால் பிரிப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. 2022இல் வந்த தபால் சீர்திருத்தச் சட்டம் ஃப்ளாட்டுகளின் செலவைத் தனியாக ஆராயச் சொன்னது. இத்தனை பெரிய சபைகளில் ஒரு ரப்பர் பேண்டின் பிரச்சினை பேசப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

பழைய பேப்பர்க் கட்டும் வாழை இலையும்

கட்டு ஏன் பிரிகிறது? பழைய பேப்பரை வீட்டில் அடுக்கியவர்களுக்குத் தெரியும். மடிப்பு எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கினால் அந்தப் பக்கம் உப்பி, எதிர்ப்பக்கம் தாழ்ந்து, ஒரு முழ உயரத்தில் கட்டு சாயத் தொடங்கும். அதனால் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று மாற்றி மாற்றி வைப்போம். வாழை இலை கட்டுகிறவர்களும் தடித்த நடு நரம்பின் பக்கத்தையும் மெல்லிய நுனியையும் பார்த்துத்தான் அடுக்குவார்கள்.

நடுவில் பின் அடித்த பத்திரிகையும் இப்படித்தான், முதுகுப் பக்கம் உப்பலாக இருக்கும். எனவே கட்டைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் முதுகை வலதிலும் அடுத்த குழுவின் முதுகை இடதிலும் வைத்து அடுக்கச் சொல்கிறது விதி. மாற்றடுக்கு என்று சொல்லலாம்.

சரி, ஒவ்வொரு பிரதியையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டால் இன்னும் சமமாக இருக்குமே? எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் ஆரம்பித்தார். அங்கேதான் இன்னொரு முனையில் நிற்கும் ஆளை மறந்துவிடுகிறோம். கட்டைப் பிரித்ததும் எல்லா முதுகையும் ஒரே பக்கம் திருப்புவது அவர் வேலை. முப்பது பிரதியும் மாறி மாறி இருந்தால் அவர் பதினைந்தை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். இரண்டே குழுவாக இருந்தால் ஒரு குழுவைக் கையில் அள்ளி ஒரே திருப்பு. அதனால்தான் விதி இரண்டு பக்கமும் பார்க்கிறது. குழுக்கள் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு குழுவும் ஒரு அங்குலத் தடிமனாவது இருக்க வேண்டும். சாயாமல் நிற்க மாற்றடுக்கு நல்லது, பிரிக்கும் வேகத்துக்கு மாற்றாமல் இருப்பதே நல்லது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் அது.

கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அங்குல உயரம் வரை ஒரு நாடா போதும். அதற்கு மேல் என்றால் குறைந்தது இரண்டு நாடா, நீளவாட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று. அல்லது சூடாக்கிச் சுருக்கும் பிளாஸ்டிக். கம்பி கூடாது. ஒரு கட்டு 20 பவுண்டைத் தாண்டக் கூடாது. சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் கட்டைப் பிடித்துக்கொள்வதில் கெட்டி, ஆனால் அடுத்த முனையில் அதை உரிப்பவரிடம் கேட்டால் வேறு அபிப்பிராயம் வரும்.

அந்த மேஜை

இப்போது கவுண்டர்காரர் சொன்ன மேஜைக்கு வருவோம். பீட் வரைக்கும் முழுசாகப் போக முடியாத கட்டுகள் பிரிப்பு மையத்தில் இங்கேதான் திறக்கப்படும். வேலையைப் பார்த்தால் காய்கறி நறுக்குவதற்கு முன் நடக்கும் சமையலறை வேலை மாதிரி இருக்கும். நாடாவை வெட்ட வேண்டும். வெட்டிய நாடாவைத் தவறாமல் குப்பையில் போட வேண்டும், ஒரு துண்டு அடுக்கோடு உள்ளே போனாலும் ஃபீடர் நின்றுவிடும். பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டும். கிழிந்தது, விறைப்பானது, அளவு மீறியது என்று மெஷினுக்கு ஆகாததைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். முதுகை எல்லாம் ஒரே பக்கம் திருப்பி, முகவரிப் பக்கம் ஒரே திசையைப் பார்க்க வைத்து, தட்டிச் சமப்படுத்தித் தட்டில் நிற்க வைக்க வேண்டும்.

இந்த வேலையையும் ஃபீடரில் போடும் வேலையையும் ஒரே ஆள் செய்தால் என்ன ஆகும் என்பதை முன்பே கணக்குப் போட்டுவிட்டோம். பிற்பாடு பல ஏஎஃப்எஸ்எம் 100 மெஷின்களோடு ஒரு துணை அமைப்பு சேர்க்கப்பட்டது. தயார்ப்படுத்தும் மேஜைகள் மெஷினிலிருந்து தள்ளி இருக்கும். அங்கே நிரம்பிய தட்டுகள் தாமாகவே நகர்ந்து வரிசையில் காத்திருந்து ஃபீடருக்கு வந்து சேரும். ஒரு மேஜையில் கஷ்டமான கட்டு வந்து ஆள் திணறினாலும், வரிசையில் காத்திருக்கும் தட்டுகள் ஃபீடரைக் காலியாக விடாது. மெஷினின் வேகத்தில் கை வைக்காமலே அது நிஜமாக ஓடும் நேரத்தைக் கூட்டுவதுதான் இதன் தந்திரம்.

தயார்ப்படுத்தல் என்று மொத்தமாகச் சொல்வது இரண்டு இடத்தில் நடக்கிறது: அனுப்புகிறவர் கட்டும் இடத்தில் ஒன்று, பிரிப்பு மையத்து மேஜையில் ஒன்று. முன்னது சரியாக இருந்தால் பின்னது லேசாகும்.

பெரிய மெஷின் வந்தது, போனது

மெஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு விலையுயர்ந்த பரீட்சை நடந்தது. கடிதங்களைப் பொறுத்தவரை, தபால்காரர் நடக்கும் வரிசையிலேயே, வீடு வீடாக அடுக்கித் தரும் வேலையை மெஷின்கள் முன்பே செய்யத் தொடங்கியிருந்தன. ஃப்ளாட்டுகளை மட்டும் தபால்காரர் காலையில் அடுக்கின் முன்னால் நின்று கையால் வரிசைப்படுத்த வேண்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த எஃப்எஸ்எஸ் என்ற மெஷினைக் கொண்டுவந்தார்கள், ஃப்ளாட்டுகளையும் வீட்டு வரிசையில் அடுக்கித் தரும் மெஷின். 2007இல் நார்த்ரப் க்ரம்மன் நிறுவனத்துக்குச் சுமார் 100 மெஷின்களுக்கான ஒப்பந்தம் போனது, மதிப்பு 87 கோடி டாலருக்கு மேல். ஒவ்வொன்றும் ஒரு பெரிய மண்டபத்தை அடைக்கும்.

யோசனை தவறில்லை. ஆனால் அதன் பசியைக் கவனியுங்கள். வீட்டு வரிசையில் அடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பிரதியும் மெஷினுக்குள் போய்த்தான் ஆக வேண்டும், அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதுவரை ஒரு பீட்டுக்கான கட்டு பிரிக்கப்படாமலே தபால்காரரிடம் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கட்டையும் மேஜையில் வெட்டித் திறந்து, திருப்பி, தட்டி, உள்ளே போட வேண்டும். மெஷின் இருந்த ஜிப் கோடுகளுக்கு அனுப்புகிறவர்கள் 2014இலிருந்து அதற்கென்று தனி முறையில் கட்டித் தரவும் வேண்டியிருந்தது. கலவையான தடிமன், பாலிதீன், வளைந்த ஓரம் எல்லாம் சேர்ந்து அடைப்புகள் வந்துகொண்டே இருந்தன. சொன்ன வேகம் வரவில்லை. அந்த மெஷினில் தேறாத பிரதிகளைத் தபால்காரர் பழையபடி கையால் அடுக்கினார். இதற்கிடையே பத்திரிகைகளும் கேட்டலாக்குகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போனதால், பெரிய மெஷினுக்குப் போடத் தீனியும் குறைந்தது. 2020 வாக்கில் அவற்றைப் பிரித்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எஃப்எஸ்எஸ்ஸை முட்டாள்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தபால்காரரின் காலை நேரத்தை மிச்சப்படுத்தப் போட்ட கணக்கில், மேஜையில் கூடப்போகும் நேரத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மறு வருடம்

மறு வருடப் பொங்கல் மலருக்கு நாங்கள் பாடம் படித்திருந்தோம். வழவழ அட்டைக்குப் பதில் கொஞ்சம் சொரசொரப்பான அட்டை. ஒவ்வொரு கட்டும் இரண்டே குழு, இரண்டு நாடா, நீளத்தில் ஒன்று, குறுக்கே ஒன்று. முகவரிப் பட்டியலை முன்பே சரிபார்த்து, வீடு மாறியவர்களைத் திருத்தியிருந்தோம்.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. பின் அட்டை முழுக்க வீடு விற்பனை முகவர் ஒருவரின் விளம்பரம். மலருக்குப் பெரிய நன்கொடை அவருடையதுதான், அதன் மேல் முகவரி ஒட்ட முடியாது. முன் அட்டையில்தான் ஒட்ட வேண்டும். தமிழ்ப் பத்திரிகையின் முன் அட்டையை நேராகப் பிடித்தால் முதுகு இடது பக்கம் இருக்கும். விதிப்படி முதுகு வலது பக்கம் வர வேண்டும் என்றால் மலரைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஆக அட்டையின் கீழ்ப்பாதியில், பொங்கல் பானைக்குக் கீழே, முகவரி தலைகீழாக ஒட்டப்பட வேண்டும். மெஷினுக்கு அதுதான் நேர்.

எல்லோருக்கும் இதை விளக்கிவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து லேபிள்களைக் கவனமாக உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, யாரோ இத்தனையையும் தலைகீழா ஒட்டியிருக்காங்க. நாற்பது சரிபண்ணிட்டேன், இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."